2.99-ஐ ஏற்கிறது, 3-ஐ ஏற்கவில்லை

வாசகர் கடிதம்:

வணக்கம் அக்கா. நான் ஈசூனில் இருக்கிறேன். காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் டிசைன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது ஒரு பிளாஸ்டிக் மூடி வரைந்துகொண்டிருக்கிறேன். 120க்கு 80, உயரம் 28, சுவர் 2 மில்லிமீட்டர். மூடியின் மேல் திரை உட்காருவதற்காக 70க்கு 45-இல் ஒரு மேடை, மேடையின் உயரம் 3. மூடியின் நான்கு மூலைகளும் ஆரம் 8, மேடையின் மூலைகள் ஆரம் 2. இரண்டையும் ஸ்கெட்சிலேயே வரைந்துவிட்டேன். ஷெல்லும் போட்டாயிற்று, அதாவது உள்ளே குடைந்து 2 மில்லிமீட்டர் ஓடாக்கியாயிற்று. மேல் விளிம்புகளின் வளைவு (ஃபில்லெட்) எல்லாம் ஆரம் 3, மேடையின் அடி ஆரம் 1 என்று வாடிக்கையாளரின் வரைபடத்தில் இருக்கிறது. மூடியின் மேல் விளிம்பில் 3 அழகாக விழுகிறது. அதே 3-ஐ மேடைக்குக் கொடுத்தால் ஆபீஸில் வரையும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் மறுக்கிறது. 2.99 கொடுத்தால் ஏற்கிறது, ஆனால் மூலைகளில் காகிதம் மடித்தது மாதிரி ஒரு கோடு விழுகிறது. சரி என்று விட்டுவிட்டு அடிக்கு 1 கொடுத்தால் அதுவும் வரவில்லை. வீட்டில் ஃப்ரீகேட் என்ற இன்னொரு மென்பொருளில் வரைந்து பார்த்தேன், அது 2.99-ஐயே ஏற்கவில்லை. ஆபீஸ் 3டி பிரிண்டரில் ஒரு மாதிரி அச்சிட்டதில், மூடியின் வாய் விளிம்பில் கொடுத்த வளைவு மட்டும் சொரசொரவென்று வருகிறது. 2.99-ஐப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் திட்டினார். மென்பொருளில் பழுதா, என்னிடமா?

பதில்:

தம்பி, எண்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியதற்கு முதலில் நன்றி. "ஃபில்லெட் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய?" என்று மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம். அளவு தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு வரைபடத்திலிருந்து தொடங்குகிறது. அந்த 2.99 அதைச் சரிசெய்யவில்லை, இடம் மாற்றி வைத்துவிட்டது.

சின்ன வயதில் கோலி விளையாடியிருப்பீர்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு கோலிக்குண்டை இரண்டையும் தொட்டபடியே உருட்டிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குண்டுக்கும் மூலைக்கும் நடுவில் உள்ள சந்தை நிரப்பினால் உள்மூலை ஃபில்லெட். வெளிவிளிம்பில் அதே குண்டு பொருளுக்கு உள்ளே இருந்து இரண்டு முகங்களையும் தொட்டபடி உருளும். குண்டுக்கு வெளியே மிஞ்சும் கூர்மை வெட்டப்படும். இது நான் ஒப்புக்குச் சொல்கிற உவமை இல்லை. மென்பொருளும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது, அந்த முறைக்கு உருளும் பந்து என்றுதான் பெயரே. குண்டு தொடுவதற்கு முகத்தில் இடம் வேண்டும். 90 பாகையில் சந்திக்கும் இரண்டு முகங்களில் ஆரம் 3 கொடுத்தால் ஒவ்வொரு முகத்திலும் 3 மி.மீ. போய்விடும்.

இப்போது உங்கள் மேடைக்கு வருவோம். அதன் சுவர் உயரம் 3. மேல் விளிம்பின் ஆரம் 3 அந்தச் சுவரை முழுக்கத் தின்றுவிடும். சுவர் என்கிற முகமே இல்லாமல் போகிறது. அடியில் ஆரம் 1 வேண்டும் என்றால் அதற்கும் 1 மி.மீ. சுவர் வேண்டும். மூன்றும் ஒன்றும் நான்கு, கையில் இருப்பதோ மூன்று. மூடியின் மேல் விளிம்பில் அதே 3 தகராறு இல்லாமல் விழுந்ததற்குக் காரணம், அங்கே சுவர் 28 மி.மீ. உயரம். இடம் தாராளம்.

2.99 கொடுத்தபோது என்ன நடந்தது? சுவர் மறையவில்லை. 0.01 மி.மீ. அகலத்தில், மேடையைச் சுற்றி சுமார் 227 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டையாக மிஞ்சியது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒற்றைக் கோடு மாதிரிதான் தெரியும். நம் கண்ணுக்கு அது இல்லாத ஒன்று. ஆனால் சாலிட்வொர்க்ஸுக்குள் இருந்து கணக்குப் போடுவது பாராசாலிட் என்ற கரு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் 0.00001 மி.மீ.க்குள் இடைவெளி இருந்தால்தான் அது அவற்றை ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் பட்டை அதைப்போல் ஆயிரம் மடங்கு அகலம். அதனால் கருவுக்கு அது முழு உரிமையுள்ள ஒரு முகம். அப்புறம் நீங்கள் அடிக்கு ஆரம் 1 கேட்டீர்கள். 1 மி.மீ. குண்டு உட்கார 1 மி.மீ. சுவர் வேண்டும், இருப்பது 0.01. மறுக்காமல் என்ன செய்யும்? அடி ஃபில்லெட்டைக் கெடுத்தது மேலே போட்ட 2.99தான்.

உங்கள் சூப்பர்வைசர் திட்டியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அவர் சொன்னது சரி. நான் வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் இதையேதான் செய்தேன். ஒரு கைப்பிடியின் விளிம்பில் 4 ஏறவில்லை, 3.98 கொடுத்து அனுப்பிவிட்டேன். ஜூரோங் பக்கம் ஒரு பட்டறையில் பிளாஸ்டிக்கை வார்க்கும் மோல்டு வெட்டினார்கள். வெட்டும் கருவிக்குப் பாதை போடும் மென்பொருள் அந்த மெல்லிய பட்டையையும் ஒரு முகமாகவே எடுத்துக்கொண்டு அதற்குத் தனியாகப் பாதை போட்டிருக்கிறது. வந்த பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பு நெடுக ஒரு கோடு. விரல் நகத்தில்கூடத் தட்டாது, கண்ணுக்கு மட்டும் தெரியும். அதைத் தேய்த்து எடுக்கப் பட்டறைக்காரர் இரண்டு நாள் உட்கார்ந்தார். தவறு என்னுடையது என்று தெரிந்தும் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்த இரண்டு நாளை நான் இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்: எண்ணைக் கொஞ்சம் சுரண்டிக் கொடுத்து மென்பொருளைச் சமாளிக்காதீர்கள். அது மறுக்கிற இடத்தில் வடிவத்தைப் பற்றி ஏதோ ஒரு உண்மை இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

சரி, மேடையை எப்படிச் சரிசெய்வது? வாடிக்கையாளர் கேட்ட 3 எங்கிருந்து வந்தது என்று முதலில் யோசியுங்கள். பிளாஸ்டிக் மோல்டில் உள்மூலைக்குச் சுவர் தடிமனில் பாதியாவது ஆரம் கொடுப்பது வழக்கம். கூர்மையாக விட்டால் அழுத்தம் அந்த ஒரே இடத்தில் குவிந்து விரிசல் விடும், உருகிய பிளாஸ்டிக்கும் அந்த மூலையில் தடையில்லாமல் ஓடாது. உங்கள் சுவர் 2, பாதி 1. உள்ளே 1 என்றால், சுவர் ஒரே தடிமனில் இருக்க வெளியே 1 கூட்டல் 2, ஆக 3. வாடிக்கையாளர் அந்த 3-ஐ அழகுக்காக எழுதியிருக்க மாட்டார், கணக்குப் போட்டுத்தான் எழுதியிருப்பார். மேடையின் உயரம் 3 என்பதை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தவறியிருக்கலாம். எனவே ஆரத்தைக் குறைப்பதை வைத்துப் பேச்சைத் தொடங்காதீர்கள். மேடையின் உயரத்தைக் கூட்டலாமா என்று கேளுங்கள். 4.5 ஆக்க முடிந்தால் மேலே 3, கீழே 1, நடுவில் அரை மில்லிமீட்டர் நேர்ச்சுவர். உயரத்தை வைத்து எந்த மென்பொருளும் தகராறு செய்யாது.

உயரத்தைத் தொடக்கூடாது என்று அவர் சொன்னால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். சுவரே இல்லாமல் இரண்டு வளைவுகளையும் நேராக ஒன்றோடொன்று தொட வைத்துவிடலாம். மேலே வெளிப்பக்கம் குவிந்த 3, கீழே உள்பக்கம் குழிந்த 1, இரண்டும் தொடுகோடாகச் சேரும் ஒரு நெளிவு. இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகை 4, ஏற வேண்டிய உயரம் 3. வளைவுகள் சேரும் இடத்தில் சரிவு தரையோடு செய்யும் கோணத்தின் கொசைன் 1 கழித்தல் முக்கால், அதாவது கால். கோணம் 75.5 பாகை. மேடையின் பக்கம் எங்கேயும் செங்குத்தாக நிற்காது. மிகச் செங்குத்தான இடத்திலும் 14.5 பாகை சாய்ந்திருக்கும். மோல்டிலிருந்து பொருள் கழன்று வர இந்தச் சாய்வு தாராளம், மேடைக்குத் தனியாக டிராஃப்ட் என்ற சாய்வு கொடுக்கவே வேண்டாம். அடிவளைவு பழைய சுவருக்கு வெளியே நீளும் தூரம் 0.87 மி.மீ. மட்டும்.

இதை ஃபில்லெட் கட்டளையால் செய்ய முயலாதீர்கள். மேடையின் விளிம்புக்குச் செங்குத்தான தளத்தில் ஒரு ஸ்கெட்ச் திறந்து, இரண்டு வளைவுகளையும் வரைந்து, மேல் தளத்துக்கும் அடித்தளத்துக்கும் தொடுகோடு என்று கட்டி, ஒன்றோடொன்றும் தொடுகோடு என்று கட்டுங்கள். ஆரங்கள் 3, 1, உயரம் 3, மேல் வளைவு தொடங்கும் இடம் பழைய சுவரிலிருந்து 3 உள்ளே. ஸ்கெட்ச் முழுதாக நிலைபெற்றுவிடும். அதை மேடையின் சுற்றுக்கோட்டில் ஸ்வீப் செய்யுங்கள், அதாவது அந்தக் கோடு நெடுக இழுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் மென்பொருள் என்ன முடிவெடுக்குமோ என்று காத்திருக்கத் தேவையில்லை, வடிவம் உங்கள் கையில் இருக்கிறது. ஃபில்லெட்டாலேயே செய்ய வேண்டிய கட்டாயம் வந்தால், விளிம்பைத் தேர்ந்தெடுக்கும் வகையை விட்டு ஃபேஸ் ஃபில்லெட் வகையை எடுங்கள். அதில் இரண்டு முகங்களைக் காட்டுகிறோம். அவை ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய பட்டையை அது விழுங்கிவிடும்.

அடுத்து அந்த மூலைக் கோடு. ஸ்வீப் செய்யப் போகும்போதும் இது உங்களைத் தடுக்கும், அதனால் முதலில் இதைத் தீர்த்தாக வேண்டும். மேடையின் மூலை ஆரம் 2, மேல் விளிம்பு ஆரம் 3. மேலிருந்து பாருங்கள். மேல் விளிம்பில் உருளும் குண்டின் மையம் மேடையின் சுற்றுக்கோட்டுக்கு 3 மி.மீ. உள்ளே நகர்கிறது. மூலைக்கு வரும்போது சுற்றுக்கோடு 2 மி.மீ. ஆரத்தில் திரும்புகிறது. 2-இலிருந்து 3-ஐக் கழித்தால் மைனஸ் 1. வளைந்து திரும்பக் குண்டுக்கு இடமே இல்லை, மையம் சடக்கென்று முட்டித் திரும்புகிறது. நீங்கள் பார்த்த மடிப்பு அந்தத் திருப்பம்தான். மூடியின் மூலையில் 8-இலிருந்து 3 போக 5 மிஞ்சுகிறது, அதனால்தான் அங்கே எல்லாம் வழுவழுவென்று வந்தது. செங்குத்து மூலையின் ஆரம் மேல் விளிம்பின் ஆரத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். இரண்டும் சமமாக இருந்தால் மூலை அரைக்கால் உருண்டையாக வரும்; பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உருண்டையின் உச்சியில் முகத்தின் ஒரு பக்கம் ஒரே புள்ளியாகச் சுருங்கும், அது கருவுக்கு மறுபடியும் ஒரு தலைவலி. மேடையின் மூலையை 5 ஆக்குங்கள்.

5 ஆக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவர் 2 மி.மீ. வெளியே மூலை ஆரம் 2 என்றால் ஷெல் போடும்போது உள்ளே மிஞ்சுவது பூஜ்யம். மேடையின் அடிப்புறத்தில் நான்கு மூலைகளும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், போய்ப் பாருங்கள். வரைபடத்தில் 2 என்று எழுதியிருந்தாலும் இதை வாடிக்கையாளரிடம் காட்டினால் அவர் மாற்றச் சம்மதிப்பார். 5 என்றால் உள்ளே 3.

ஷெல் என்றதும், உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி என்னை நிறுத்தியது. "ஷெல்லும் போட்டாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள், ஃபில்லெட்டுக்கு முன்னால். இந்த வரிசையை மாற்றியே ஆக வேண்டும். ஷெல் முதலில் போட்டால் உள்பக்கம் கூர்மூலையாகவே இருக்கும். அப்புறம் வெளியே 3 மி.மீ. வளைவு வெட்டினால் மூலையில் தடிமன் குறையும். வளைவின் மையம் வெளிமூலையிலிருந்து இரண்டு பக்கமும் 3 தள்ளி, உள்மூலை 2 தள்ளி. அவற்றுக்கு இடையே 1.41. 3-இலிருந்து அதைக் கழித்தால் 1.59. நீங்கள் 2 மி.மீ. சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மேல் விளிம்பு நெடுக இப்போது 1.59தான் இருக்கிறது. மேடையின் அடியில் இதற்கு நேர்மாறு: உள்கோணத்திலிருந்து கீழ்ப்புறத்துக் கூர்மூலை வரை 2.83, அதில் ஆரம் 1 நிரப்பும் 0.41-ஐயும் கூட்டினால் 3.24. ஒரே மூடியில் ஒரு இடம் 1.59, சில மில்லிமீட்டர் தள்ளி 3.24. பிளாஸ்டிக் ஆறும்போது தடித்த இடம் கடைசியாக ஆறும், சுருங்கும், மேற்பரப்பை உள்ளே இழுக்கும். திரையைச் சுற்றி ஒரு பள்ளம் வட்டமாகத் தெரியும். வாடிக்கையாளர் முதலில் பார்க்கப் போகிற இடமே அதுதான். இந்தக் கணக்கில் இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: 2 மி.மீ. சுவரில், உள்ளே கூர்மையாக இருக்க வெளியே 6.83 ஆரம் கொடுத்தால் தடிமன் பூஜ்யமாகும், அதற்கு மேல் போனால் ஓட்டை. உங்கள் மூடியின் மூலை 8. ஸ்கெட்சிலேயே அதை வரைந்ததால் தப்பித்தீர்கள்.

வெளி வடிவம் முழுவதையும் முடித்துவிட்டு ஷெல் போடுங்கள். அப்போது உள்பக்கம் தானாகவே சரியாக வரும். மேலே வெளியே 3, உள்ளே 1. மேடையின் அடியில் வெளியே 1, உள்ளே 3. நெளிவின் இரண்டு ஆரங்களும் உள்ளே போய் இடம் மாறிக்கொள்கின்றன, கூட்டுத்தொகை அங்கேயும் 4. அதனால் உயரம் 3-க்குள் அச்சாகப் பொருந்துகிறது, சுவர் எல்லா இடத்திலும் 2. இதை நான் தாளில் போட்டுப் பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது, உங்களுக்கும் இருக்கும். மூடியின் 28 மி.மீ. சுவர்களுக்கு டிராஃப்ட் இதுவரை கொடுக்கவில்லை என்றால், ஃபில்லெட்டுக்கு முன்னால் கொடுங்கள். ஒரு பாகை கொடுத்தால் கீழிருந்து மேலே போவதற்குள் அரை மில்லிமீட்டர் உள்வாங்கும். ஃபில்லெட் போட்ட பிறகு சுவரைச் சாய்த்தால் வளைவு சுவரோடு தொடுகோடாக இருக்காது. உள்ளே வரும் ஸ்க்ரூ தூண்கள், விலா எலும்பு மாதிரி ரிப்கள், அவற்றின் அடியில் வரும் குட்டி ஆரங்கள் எல்லாம் ஷெல்லுக்குப் பிறகு, கடைசியில்.

நீங்கள் கேட்காத ஒன்று. அனுப்பிய படத்தில் மேடை மூடியின் நடுவில் இல்லை, ஒரு நீளப்பக்கத்துக்கு அருகில், ஓரத்திலிருந்து 3.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. மூடியின் மேல் விளிம்பு அங்கே 3 மி.மீ. எடுத்துக்கொள்ளும், மேடையின் அடி 0.87. கூட்டினால் 3.87. இப்போது சொன்னதை எல்லாம் செய்து முடித்துவிட்டு இந்த ஒரு பக்கம் மட்டும் மறுத்தால் இரவெல்லாம் உட்கார்ந்து தேடுவீர்கள். மேடையை ஒரு மில்லிமீட்டர் உள்ளே நகர்த்த அனுமதி கேட்டுவிடுங்கள்.

இனி வேறு வேலையில் வேறு விளிம்பு மறுக்கும்போது எப்படித் தேடுவது என்றும் சொல்கிறேன். நீங்கள் 2.99 கொடுத்துப் பார்த்தது கெட்ட பழக்கம் இல்லை, அதிலேயே நின்றுவிட்டதுதான் கெடுதல். எந்த எண் வரை ஏற்கிறது, எந்த எண்ணில் மறுக்கிறது என்பது பெரிய துப்பு. கேட்ட ஆரத்தில் பாதியைக் கொடுங்கள். ஏற்றால் முக்கால், மறுத்தால் கால். இப்படி ஐந்தாறு தடவை பாதியாக்கினால் எல்லை எண் பிடிபடும். 2.4-இல் மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விளிம்பின் பக்கத்தில் எங்கேயோ 2.4 இருக்கிறது: ஒரு சுவரின் உயரம், ஒரு துளைக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரம், ஒரு குழிவின் ஆரம். அளவு பார்க்கும் கருவியை எடுத்துத் தேடுங்கள், பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். கண்டுபிடித்ததும் சோதனைக்குக் கொடுத்த எண்களை அழித்துவிடுங்கள்.

எவ்வளவு சின்ன எண்ணைக் கொடுத்தாலும் மறுத்தால் கதை வேறு. 0.1-ஐக்கூட ஏற்கவில்லை என்றால் இடம் போதாத பிரச்சினை அது இல்லை, விளிம்பிலேயே ஏதோ இருக்கிறது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வடிவத்தைக் கொண்டுபோகும் ஸ்டெப் கோப்புகள் வெளியிலிருந்து வரும்போது இது அடிக்கடி வரும். ஒரு மென்பொருள் ஒட்டியது என்று நினைத்த இரண்டு முகங்களை இன்னொன்று ஒட்டாதது என்று படிக்கும். அல்லது நேர் விளிம்பாகத் தெரிவது உண்மையில் மூன்று துண்டாக இருக்கும், நடுத்துண்டு 0.002 மி.மீ. விளிம்புத் தொடரை ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுக்கும் தொடுகோட்டு வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு விளிம்பாகக் கொடுத்துப் பாருங்கள். எந்தத் துண்டில் நிற்கிறது என்று தெரியும். சாலிட்வொர்க்ஸில் செக் என்று ஒரு கட்டளை உண்டு; பழுதான முகங்களையும், மிகக் குட்டியான விளிம்பு எது என்பதையும் காட்டும். கெட்ட முகத்தை அழித்து அக்கம்பக்கத்து முகங்களை நீட்டி மூடுவது, அதன் மேல் ஒட்டுப்போடுவதைவிட எப்போதும் நல்லது.

மூன்று விளிம்புகள் ஒரே புள்ளியில் சேரும் மூலை மறுக்கும்போது, மூன்றையும் தனித்தனி ஃபில்லெட்டாகப் போடாமல் ஒரே கட்டளையில் கொடுங்கள். ஆரங்கள் வேறு வேறாக இருக்கலாம். மூன்றும் என்ன என்று தெரிந்தால்தான் அந்த மூலையை எப்படி மூடுவது என்று கருவால் ஒரேயடியாக யோசிக்க முடியும். செட்பேக் என்ற வசதி மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளியே வளைவுகளை நிறுத்தி, நடுவில் ஒரு விசாலமான ஒட்டு போடும். தனித்தனியாகத்தான் போட வேண்டும் என்றால் பெரிய ஆரம் முதலில், சின்னது அப்புறம். சின்னதை முதலில் போட்டால் பெரிய குண்டு அந்தச் சின்ன வளைவின் மேல் ஏறி உருள வேண்டியிருக்கும்.

ஃப்ரீகேட் பற்றி. அதற்குள் இருக்கும் கருவின் பெயர் ஓப்பன் கேஸ்கேட், பாராசாலிடிலிருந்து முற்றிலும் வேறு. ஃபில்லெட் ஒரு முகத்தை முழுதாகத் தின்னும் இடங்களிலும், பக்கத்து வளைவோடு மோதும் இடங்களிலும் அது சீக்கிரம் கையை விரித்துவிடும். 5 மி.மீ. முகத்தில் ஆரம் 5 கேட்டால் மறுத்து, 4.999 கேட்டால் தருவது அதன் வழக்கம். நீங்கள் 2.99 கேட்டபோது அதைத் தடுத்தது மூலை ஆரம் 2 என்றே நினைக்கிறேன். வீட்டில் அதில் பயிற்சி செய்வதை விட்டுவிடாதீர்கள். அது சீக்கிரம் மறுப்பதால், இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கணக்குப் பார்க்கும் பழக்கம் வரும். அந்தப் பழக்கம் ஆபீஸில் கைகொடுக்கும். நெளிவை ஸ்கெட்சில் வரைந்து ஸ்வீப் செய்யும் வழி இரண்டிலும் வேலை செய்யும்.

கடைசியாக அந்தச் சொரசொரப்பு. மூடியை வாய் கீழாக வைத்து அச்சிடுகிறீர்கள், வாய் விளிம்பு பிரிண்டர் தட்டின் மேல் உட்காருகிறது. அங்கே வெளிவளைவு கொடுத்தால் முதல் சில அடுக்குகள் ஏறக்குறைய கிடைமட்டமாக, கீழே தாங்க எதுவும் இல்லாமல் வெளியே நீள்கின்றன. சூடான இழை தொங்கிவிடும். அச்சுக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்து, அந்த வளைவை நீக்கி 45 பாகை சேம்ஃபர், அதாவது நேரான சாய்வெட்டு, கொடுங்கள். ஒவ்வொரு அடுக்கும் தன் அகலத்தில் கணிசமான பகுதியை முந்தைய அடுக்கின் மேல் வைத்து ஏறும். மெஷினில் வெட்டி மாதிரி எடுப்பதாக இருந்தாலும் வெளிவிளிம்புக்கு சேம்ஃபர் என்றால் பட்டறைக்காரர்கள் மகிழ்வார்கள், வளைவு என்றால் அதற்கென்று தனிக் கருவியோ பல சுற்று வெட்டோ வேண்டும்.

மோல்டிலும் அந்த வாய் விளிம்பு மோல்டின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டில்தான் வரப்போகிறது. அங்கே வளைவு கேட்டால் அதை எதிர்ப்பாதியில் வெட்ட வேண்டும், இரண்டு பாதியும் துளி நகர்ந்தாலும் படிக்கட்டு மாதிரி தெரியும். பெரும்பாலோர் அந்த விளிம்பைக் கூர்மையாகவே விட்டுவிடுவார்கள். மேடையின் உயரம், மூலை ஆரம், ஓரத்திலிருந்து தூரம் என்று மூன்று கேள்விகள் ஏற்கெனவே வாடிக்கையாளருக்குப் போகப் போகின்றன. இதையும் நான்காவதாகச் சேர்த்து, நெளிவின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை அளவுகளோடு இணைத்து, முதலில் உங்கள் சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். 3 கூட்டல் 1 நான்கு, சுவர் மூன்று என்ற ஒரு வரியை அந்தப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.